ஸ்பீக்கரில் இணைக்கும் நைலான் தந்தி கிட்டார்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெங்களூரு (கர்நாடகா): கிட்டாரின் ஒலி மென்மையாக இருக்க வேண்டும், அதே ஒலி அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்ப்பவர்கள் நாடுவது, தோள்பகுதியில் 'கட்அவே' எனப்படும் வெட்டும், உள்ளேயே பொருத்தப்பட்ட பிக்கப் சாதனமும் கொண்ட நைலான் தந்தி கிட்டாரைத்தான். சில ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது. லட்சத்தைத் தாண்டிய விலையிலும் இருக்கிறது. இந்த இடைவெளிக்குள் எங்கே நிற்பது என்பதில்தான் முதன்முறை வாங்குபவர்கள் திணறுகிறார்கள்.

பெங்களூருவின் நீலசந்திரா, தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு பேசும் குடும்பங்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதி. அருகிலுள்ள விவேக் நகரில், வியாழக்கிழமை வழிபாட்டுக்குப் பெயர் பெற்ற குழந்தை இயேசு திருத்தலம் அமைந்துள்ளது. இது போன்ற பகுதியில் வசிக்கும் ஒருவர் கிட்டார் வாங்கினால், அது பெரும்பாலும் எங்கே ஒலிக்கும்? ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில், திருமண வரவேற்பு மேடையில், கல்லூரி விழாவில். இந்த இடங்களில் எல்லாம் கிட்டாரின் மரம் எழுப்பும் ஒலியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. மிக்சர் வழியாக ஸ்பீக்கரில் வருவதைத்தான் கேட்கிறார்கள். மறுபக்கம், தினசரிப் பயிற்சி நடப்பது வீட்டுக்குள். அங்கே ஸ்பீக்கர் கிடையாது. மரத்தின் ஒலி மட்டுமே.

எனவே கடைக்குள் நுழையும் முன் ஒருவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி பிராண்டைப் பற்றியது அல்ல. பத்து முறை வாசித்தால் அதில் எத்தனை முறை ஒயரில் இணைத்து வாசிப்பேன் என்பதே அந்தக் கேள்வி. ஒரே பட்ஜெட்டுக்குள் பிக்கப்புக்கும் கட்அவேக்கும் பணம் ஒதுக்கப்பட்டால், மரத்துக்கான பணம் குறைகிறது. வாரம் ஒருமுறைகூட மேடை ஏறாதவர் இந்தக் கூடுதல் வசதிகளுக்குப் பணம் கொடுப்பது, அதே விலையில் கிடைத்திருக்கக்கூடிய நல்ல ஒலியை விட்டுக்கொடுப்பதாகும். வாரந்தோறும் மேடை ஏறுபவருக்கோ கணக்கு நேர் எதிரானது.

காந்தம் அறியாத தந்தி:

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கிளாசிக்கல் கிட்டார்களில் விலங்குகளின் குடலில் இருந்து தயாரிக்கப்பட்ட தந்திகள் பயன்பட்டன. 1940-களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் அகஸ்டின், டூபாண்ட் நிறுவனத்தின் நைலான் இழையைக் கொண்டு தந்திகளை உருவாக்கினார். ஸ்பெயின் நாட்டு இசைமேதை ஆந்த்ரே செகோவியா அவற்றை ஏற்று வாசித்ததால் அவை உலகெங்கும் பரவின. இளையராஜா லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தங்கப் பதக்கம் பெற்றதும் இந்தக் கிளாசிக்கல் கிட்டார் பிரிவில்தான்.

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் ஒரு காந்தச் சுருள். அதன் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது மின்சாரம் உண்டாகிறது. நைலானுக்குக் காந்தத் தன்மை கிடையாது என்பதால் அந்த முறை இங்கே செல்லாது. அதற்கு மாற்றாக வந்ததுதான் பீசோ பிக்கப். தந்திகள் அமர்ந்திருக்கும் வெள்ளை நிறச் சிறு பட்டையின், அதாவது சாடிலின் அடியில், மெல்லிய பீசோ பட்டை ஒன்று வைக்கப்படுகிறது. தந்தியின் அதிர்வு அதை அழுத்தும்போது சிறிய அளவில் மின்னழுத்தம் பிறக்கிறது. அது மிகவும் பலவீனமானது என்பதால், கிட்டாரின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட ப்ரீஆம்ப் அதைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. இந்த ப்ரீஆம்ப் பெரும்பாலும் 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது.

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969-ஆம் ஆண்டு முதல் இன்று வரை வாசித்து வரும் 'டிரிக்கர்' என்ற கிட்டார், இந்த முறையின் புகழ்பெற்ற முன்னோடி. அது மார்ட்டின் நிறுவனத்தின் என்-20 வகை நைலான் தந்தி கிட்டார். அதில் பால்ட்வின் நிறுவனத்தின் பீசோ பிக்கப் எடுத்துப் பொருத்தப்பட்டது. பிளெக்ட்ரம் உரசி உரசி அதன் மேல்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. நைலான் கிட்டார்களில் பொதுவாகப் பாதுகாப்புத் தகடு இருப்பதில்லை. பிளெக்ட்ரம் கொண்டு வேகமாக ரிதம் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

பீசோவுக்கு ஒரு குறை உண்டு. பலமாக மீட்டும்போது ஒலி தட்டையாகவும் கூர்மையாகவும், வாத்து கத்துவதைப் போலவும் வரும். வாசிப்பவர்கள் இதைக் 'குவாக்' என்றே அழைக்கிறார்கள். விலை குறைந்த கிட்டார்களில் இது அதிகம். ஓரளவு விலை உயர்ந்த மாதிரிகளில் பீசோவுடன் சிறிய மைக் ஒன்றையும் உள்ளே வைத்து, இரண்டையும் கலந்து கொடுக்கும் வசதி இருக்கிறது. கனடாவின் கோடின் நிறுவனம் தயாரிக்கும் மல்டியாக் வரிசையில் ஆறு தந்திகளுக்கும் தனித்தனி பீசோ கொண்ட மாதிரிகள் உண்டு. அவை மேடைக்கென்றே பிறந்தவை, விலையும் அதற்கேற்பவே.

ஊளையிடும் கிட்டார்:

மேடையில் நைலான் கிட்டார் வாசிப்பவர்களின் முதல் எதிரி 'ஃபீட்பேக்'. ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி கிட்டாரின் மேல்பலகையையும் உள்ளே இருக்கும் காற்றையும் மீண்டும் அதிரச் செய்கிறது. அந்த அதிர்வைப் பிக்கப் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. சில நொடிகளில் அரங்கம் முழுவதும் ஊளைச் சத்தம். நல்ல மரத்தாலான, ஆழமான உடல் கொண்ட கிட்டார்தான் இதில் அதிகம் சிக்கும் என்பது கவனிக்கத்தக்கது. வீட்டில் அதன் ஒலியைச் சிறப்பாக்கும் அதே அதிர்வுத் திறன், மேடையில் அதற்குப் பகையாகிறது.

முழு அளவிலான கிளாசிக்கல் கிட்டாரின் உள்ளிருக்கும் காற்று, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் மிக எளிதாக அதிரும். இது ஆறாவது தந்தியின் 3 மற்றும் 4-ஆவது ஃபிரெட்டுகளில் வரும் சுரங்களை ஒட்டியது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ஸ்பீக்கருக்கு எதிரே நின்று, ஒலியளவைச் சற்று உயர்த்தி, அந்த இரண்டு ஃபிரெட்டுகளிலும் மீட்டிப் பாருங்கள். சுரம் அடங்காமல் வீங்கிக்கொண்டே போனால், அந்தக் கிட்டார் மேடையில் தொல்லை தரும். ப்ரீஆம்பில் 'நாட்ச்' அல்லது 'ஃபேஸ்' என்ற பொத்தான் இருந்தால் அதை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒலித்துளையை அடைக்கும் ரப்பர் மூடிகளும் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் வேலை செய்யும்.

இந்தச் சிக்கலுக்கு நிறுவனங்கள் கண்ட தீர்வு, உடலை மெலிதாக்குவது. கிப்சன் நிறுவனம் 1982-இல் செட் அட்கின்ஸ் பெயரில் வெளியிட்ட நைலான் கிட்டாரில் ஒலித்துளை வழியே ஒலிக்கும் வெற்றுப் பெட்டியே இல்லை. ஏறத்தாழ எலக்ட்ரிக் கிட்டாரின் உடல். இன்றும் பல நிறுவனங்கள் ஆழமான உடல், மெலிந்த உடல் என இரண்டு வகைகளை விற்கின்றன. யமஹாவின் என்.சி.எக்ஸ்., என்.டி.எக்ஸ். என்ற இரு வரிசைகள் இதற்கு எடுத்துக்காட்டு. முதலாவது வழக்கமான கிளாசிக்கல் அமைப்பை ஒட்டியது. இரண்டாவது மெலிந்த உடலும் குறுகிய கழுத்தும் கொண்டது. எஃகுத் தந்தி கிட்டாரில் இருந்து மாறி வருபவர்களை மனதில் வைத்து உருவானது.

நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம்:

கடையில் பலரும் கேட்காமல் விட்டு, வீட்டுக்கு வந்த பிறகு வருந்தும் அளவு ஒன்று இருக்கிறது. அது கழுத்தின் தலைப்பகுதியில் தந்திகள் தாங்கி நிற்கும் 'நட்' என்ற பட்டையின் அகலம். கிளாசிக்கல் கிட்டாரில் இது வழக்கமாக 52 மி.மீ. எஃகுத் தந்தி கிட்டார்களில் 43 மி.மீ. அளவே பொதுவானது. மேற்சொன்ன யமஹா வரிசைகளில் என்.சி.எக்ஸ்.1 மாதிரிக்கு 52 மி.மீ., என்.டி.எக்ஸ்.1 மாதிரிக்கு 48 மி.மீ. வேறு நிறுவனங்களில் 50 மி.மீ., 46 மி.மீ. அளவுகளும் உண்டு.

நான்கு மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆறு தந்திகளுக்கு இடையே அது பங்கிடப்படும்போது விரல்கள் உடனே உணரும். ஆசிரியரிடம் முறைப்படி கிளாசிக்கல் கற்பவர், வலது கையின் நான்கு விரல்களால் தனித்தனியே மீட்டுபவர், 52 மி.மீ. அளவில் இருந்து விலகாமல் இருப்பதே நல்லது. திரைப்பாடல், ஆலயப் பாடல்களுக்குக் கார்டு பிடித்துப் பாடுபவருக்கும், இடதுகைக் கட்டைவிரலை மேலே வளைத்து ஆறாவது தந்தியை அழுத்தும் பழக்கம் உள்ளவருக்கும் 48 மி.மீ. போதுமானது, சொல்லப்போனால் அதுவே வசதியானது. கை சிறியதாக உள்ள இளையோருக்கும் இது பொருந்தும். இணைய விளம்பரங்களில் 'எலக்ட்ரோ கிளாசிக்கல்' என்ற ஒற்றைப் பெயருக்குள் இவை அனைத்தும் அடைக்கப்பட்டு விடுகின்றன. விவரப் பட்டியலில் நட் அகலம் தரப்படவில்லை என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் செலுத்த வேண்டாம்.

கட்அவே பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து 12-ஆவது ஃபிரெட்டில் உடலோடு சேர்கிறது. அதற்கு மேல் வாசிக்கக் கை உடலில் முட்டும். தோள்பகுதியை வெட்டிவிட்டால் 16, 17-ஆவது ஃபிரெட்டுகள் வரை எளிதில் எட்டலாம். மேல்பலகையில் ஒலியைப் பெரிதும் உருவாக்குவது பிரிட்ஜைச் சுற்றியுள்ள அகன்ற கீழ்ப்பகுதி என்பதால், இந்த வெட்டினால் ஏற்படும் ஒலி இழப்பு சிறிதே. பாடலின் இடையிசையில் தனி மெட்டு வாசிப்பவருக்கு இது தேவை. கார்டு மட்டும் வாசிப்பவர் அந்த ஃபிரெட்டுகளைத் தொடப் போவதில்லை. அவருக்கு அது அலங்காரம். யமஹாவின் சி.எக்ஸ்.40 போல, கட்அவே இல்லாமல் பிக்கப் மட்டும் கொண்ட எளிய மாதிரிகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ('கட்அவே' என்பதைத் தமிழில் 'தோள்வெட்டு' எனலாம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தர மாட்டார்கள்.)

பெங்களூரு வெயிலும் மரமும்:

விற்பனையாளர்கள் அடிக்கடி பயன்படுத்தும் சொல் 'சாலிட் டாப்'. மேல்பலகை ஒரே மரத்தில் அறுக்கப்பட்டது என்று பொருள். மற்றொரு வகை 'லேமினேட்'. மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்யப்படுவது. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் மரக்கோடுகள் விளிம்பின் குறுக்குவெட்டிலும் தொடர்ந்தால் அது சாலிட். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகள் தெரிந்தால் லேமினேட்.

ஒயரில் இணைக்காமல் வாசிக்கும்போது சாலிட் டாப் கிட்டாரின் ஒலி செழுமையாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பராமரிப்பு தேவை. கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள பெங்களூருவில், மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் இறங்குவதுண்டு. மழைக்காலக் காலைகளில் அதுவே 80 சதவீதத்தைத் தாண்டும். வறட்சியில் மரம் சுருங்கி வெடிப்பு விழலாம். ஈரத்தில் உப்பி, தந்திகள் பலகையில் இருந்து உயர்ந்துவிடலாம். சென்னையில் இருந்து கிட்டாரை எடுத்துவரும் மாணவர்களும் மென்பொருள் ஊழியர்களும் முதல் கோடையிலேயே இந்த மாற்றத்தைக் காண நேரிடும்.

அஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரையின் கீழ், மேல்மாடி வாடகை அறையில் வசிப்பவருக்கு லேமினேட் கிட்டாரே பாதுகாப்பான தேர்வு. மேடையில் பீசோ வழியாக ஒலிக்கும்போது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெருமளவு மங்கிவிடுகிறது. லேமினேட் பலகை ஊளைச் சத்தத்தையும் ஓரளவு தாங்கும். சாலிட் டாப் வாங்குபவர்கள் உறைப்பெட்டியுடன் சேர்த்து வாங்குவதும், கோடையில் அதற்குள் துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சை வைப்பதும் நல்லது. பஞ்சிலிருந்து நீர் சொட்டக் கூடாது. எந்த வகையானாலும் கழுத்துக்குள் 'ட்ரஸ் ராட்' எனும் சரிசெய்யும் கம்பி உள்ளதா என்று கேளுங்கள். மரபான கிளாசிக்கல் கிட்டார்களில் இது பெரும்பாலும் இருக்காது. இருந்தால், பருவநிலையால் கழுத்து வளையும்போது பழுதுபார்ப்பவர் சில நிமிடங்களில் நிமிர்த்திவிடுவார்.

கிட்டாரின் பின்பலகைக்கு உலகெங்கும் விரும்பப்படும் 'இந்தியன் ரோஸ்வுட்', நம் நீலகிரி, குடகு, வயநாடு காடுகளில் வளரும் ஈட்டி மரம் அல்லது தோதகத்திதான். 2017 ஜனவரி 2-ஆம் தேதி முதல் இம்மரத்தாலான கருவிகளும் பன்னாட்டு வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 நவம்பர் 26-ஆம் தேதி முதல், முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாட்டில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இந்த விலக்கு கிடையாது. வெளிநாட்டுப் பணிக்குக் கிட்டாருடன் செல்பவர்கள், பழைய கருவியை வாங்கும்போது மரத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குவது பயன்தரும்.

கடையில் பத்து நிமிடம்:

முதலில் ஒயர் இல்லாமல் வாசியுங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி, எங்காவது கரகரப்பு கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 12-ஆவது ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளி, நைலான் கிட்டாரில் தடித்த தந்திப் பக்கம் 4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 3 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். மிகவும் உயர்ந்திருந்தால் சாடிலைத் தேய்த்துக் குறைக்கலாம். ஆனால் அதன் அடியில் பீசோ பட்டை இருக்கிறது. சாடிலின் அடிப்பகுதி சிறிதும் கோணாமல் சமமாகத் தேய்க்கப்படாவிட்டால், சில தந்திகள் பீசோவை அழுத்தாமல் போய் ஒலி குறையும். தெருமுனைத் தச்சரிடம் கொடுக்கும் வேலை அல்ல இது.

அடுத்து ஒயரில் இணைத்து, ஆறு தந்திகளையும் ஒரே பலத்தில் மீட்ட வேண்டும். ஏதேனும் ஒன்று மட்டும் அமுங்கியோ உரக்கவோ ஒலித்தால், பிக்கப் சரியாக அமரவில்லை. மூன்றாவது தந்தியில் கூடுதல் கவனம் தேவை. நைலானில் அதுவே மிகத் தடித்த, சுற்றப்படாத தந்தி. இயல்பாகவே மந்தமாக ஒலிப்பது. டோன் பொத்தான்கள் அனைத்தையும் நடுநிலையில் வைத்தே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கடைக்காரர் தம் ஸ்பீக்கரில் எக்கோ சேர்த்திருந்தால் அணைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். எக்கோவில் எந்தக் கிட்டாரும் இனிக்கும். ஒயர் செருகும் இடத்தை லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒயரைச் செருகியவுடனே ப்ரீஆம்ப் இயங்கத் தொடங்கும் என்பதால், வாசிக்காத நேரத்திலும் ஒயரைச் செருகியபடி விட்டால் பேட்டரி வீணாகக் குறையும்.

பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையின்றி இரவில் பயிற்சி செய்ய வேண்டும் என்பதே முதன்மைத் தேவை என்றால், உடலே இல்லாத 'சைலண்ட் கிட்டார்' வகையையும் பரிசீலிக்கலாம். யமஹாவின் எஸ்.எல்.ஜி.200 வரிசையில் 50 மி.மீ. மற்றும் 52 மி.மீ. அகலங்களில் நைலான் மாதிரிகள் உள்ளன. ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாம். அதிரும் பெட்டி இல்லாததால் மேடையில் ஊளையிடும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் மின்சாதனம் இல்லாத இடத்தில் நான்கு பேருக்கு நடுவே வாசிக்க அது உதவாது.

எஃகுத் தந்தி மாட்ட வேண்டாம்:

ஒலி இன்னும் 'பளிச்' என்று வரட்டும் என்ற எண்ணத்தில் நைலான் கிட்டாரில் எஃகுத் தந்தி மாட்டும் வழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. ஆறு நைலான் தந்திகள் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோ. எஃகுத் தந்திகள் 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். அந்தச் சுமைக்காக இக்கருவி செய்யப்படவில்லை. பிரிட்ஜ் பெயர்ந்து வரும், மேல்பலகை வீங்கும், கழுத்து வளையும். பழைய கிட்டார் வாங்குபவர்கள் பிரிட்ஜின் பின்னால் பலகை மேடாக உள்ளதா, பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிறதா என்று பார்த்தால், முன்பு இருந்தவர் என்ன செய்தார் என்பது தெரிந்துவிடும்.

புதிய நைலான் தந்திகள் நீண்டுகொண்டே இருப்பதால், முதல் சில நாள்களுக்குச் சுருதி இறங்கியபடியே இருக்கும். இதைப் பழுது என்று கருதிக் கிட்டாரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. நாளுக்குப் பலமுறை சுருதி கூட்டி வாசித்து வந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிலைபெறும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலோ மேடையிலோ வாசிக்க வேண்டியவர்கள், சனிக்கிழமை இரவு தந்தி மாற்றுவதைத் தவிர்த்து, முந்தைய வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.